மறைத்த மரணம், கட்டிலில் மனைவி: இடுக்கி எல்லையில் ஒரு நிகழ்வு ஆய்வு

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலைக்கு ஏற முக்கியமான வழிகள் மூன்று: குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு. ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் விடியுமுன்பே இந்தப் பாதைகளில் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். வண்டன்மேடு, புளியன்மலை, உடும்பன்சோலை என்று தோட்டம் தோட்டமாக ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு மலை இறங்கும். இந்த ஆய்வில் வருகிறவர் அப்படி ஒரு ஜீப்பில் தினமும் போய்வந்த பெண்.

அடையாளம் தெரியாதிருக்க வயது முதலிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் அவருடைய மகனும் இதை எழுதச் சம்மதம் கொடுத்தார்கள். செவிலியரும் கொடுத்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். மருத்துவமனையின் பெயருக்கும் இங்கே தேவையில்லை.

வலிதணிப்புச் சிகிச்சையில் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. துக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் ஆறுதலாக நடந்துகொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்வது சுலபம். எதைச் செய்தால் அது ஆறுதலாகும் என்று காட்ட ஒரு முழு நிகழ்வு வேண்டும். இதில் அந்தச் செவிலியர் காலை ஏழரை மணியிலிருந்து பகல் இரண்டு மணிக்குள் செய்த ஒவ்வொன்றையும் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியும். அதனால்தான் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நடந்தது

மழைக்காலம். மாலை ஐந்தரை மணியளவில், வேலை முடிந்து இறங்கிய ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தது. நோயாளிக்கு வயது 43. வலது தொடை எலும்பு நடுவில் முறிந்திருந்தது, நெற்றியில் வெட்டுக்காயம். அதே ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வந்த கணவர், வயது 48, தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர், மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழியிலேயே இறந்துவிட்டார். இருவரும் வேறு வேறு வண்டிகளில் வந்தார்கள். மனைவியை அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கணவரின் உடல் பின்கட்டுப் பிணவறைக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேன்டீனும் துணி துவைக்கும் கொட்டகையும்தான் இருந்தன.

ராத்திரியே கணவரின் தம்பியும் தங்கையும், நோயாளியின் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த 21 வயது மகன் விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினான். கணவர் இறந்தது மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதை உறவினர்கள் வரும் வழியிலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள். "அவருக்குத் தலையில அடி, கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியிருக்காங்க" என்று அவரிடம் சொல்லப்பட்டது. இரவுப் பணியில் இருந்த செவிலியரிடம் கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டார்: "யாரும் வாயத் தொறந்துறாதீங்கம்மா. கேட்டா மதினி செத்துப் போயிரும்."

அன்றிரவு அந்த வார்டில் 30-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரே ஒரு செவிலியர். பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கழகம் வகுத்த அளவு. அவர் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேஸ் ஷீட்டில் எதுவும் எழுதப்படவில்லை. காலையில் பணி மாறும்போது வாய்வார்த்தையாக, "12-ம் பெட், ஹஸ்பெண்ட் எக்ஸ்பயர்டு, பேஷண்டுக்குத் தெரியாது" என்று சொல்லப்பட்டது. அவ்வளவுதான் கைமாறிய தகவல்.

காலைப் பணி: முதலில் உடம்பு

காலைப் பணிக்கு வந்தவர் பீருமேடு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இந்த வார்டுக்கு வருமுன் ஒரு பஞ்சாயத்தில் வீடு வீடாகப் போய் வலிதணிப்புச் சிகிச்சை கொடுத்தவர். அந்தப் பழக்கத்தின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியவர்கள் தொடங்கிய ஒரு சிறு சங்கம், பிறகு ஊர் மக்களையே தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டு கேரளம் முழுக்கப் பரவியது. 2008-ல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குடும்பம் எதை மறைக்கிறது, நோயாளிக்கு எது ஏற்கெனவே தெரியும் என்று கேட்டறியத் தெரிந்த ஒரு தலைமுறைச் செவிலியர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

12-ம் கட்டிலில் நாடித்துடிப்பு 124. உடம்பு தவித்துக்கொண்டே இருந்தது. இரவு முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை. ரவுண்ட்ஸில் யாரோ "ஆபரேஷன் பயம்" என்றார்கள். செவிலியர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

தொடை எலும்பு போன்ற பெரிய எலும்பு முறிந்தால், மஜ்ஜையிலிருக்கும் கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் பாதிக்கலாம். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வெளிப்படும். மூச்சு வாங்கும், மனம் குழம்பும், அக்குளிலும் மார்பிலும் கண்ணிமையின் உட்புறத்திலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். ஆகவே எலும்பு முறிந்தவர் தவிக்கிறார் என்றால் அதைப் பயம் என்றோ துக்கம் என்றோ எழுதுமுன் இதைப் பார்த்தாக வேண்டும். அவர் பார்த்தார். விரலில் ஆக்ஸிஜன் அளவு 97. அக்குளில் புள்ளி இல்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தார், வெளிறியிருந்தது, வேறொன்றும் இல்லை. இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டார். மெதுவாக, ஆனால் சரியாகப் பதில் வந்தது. பாதத்தில் சூடும் நாடியும் இருந்தன. இப்படிப்பட்ட முறிவில் ஒரு லிட்டருக்கு மேல்கூட ரத்தம் உள்ளேயே கசிந்துவிடும். அதற்காக ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வலி ஊசி போட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருப்பதைச் சீட்டில் பார்த்து, மருத்துவரிடம் சொல்லி அடுத்த ஊசியைப் போட்டார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நோயாளியின் மேல் உள்ள இரக்கம் இந்த வேலையில்தான் தொடங்குகிறது. உடம்பைச் சரியாகப் பார்க்காமல் மனதைத் தேற்றப் போகிறவரிடம் என் வீட்டு நோயாளியை நான் ஒப்படைக்கமாட்டேன்.

பூ

நாத்தனார் ஏழு மணிக்கெல்லாம் ஒரு முழம் மல்லிகையோடு வந்திருந்தார். கட்டிலில் கிடந்தவரின் தலையைத் தூக்கி, பிளாஸ்திரி ஒட்டிய நெற்றியில் இடம் பார்த்து ஸ்டிக்கர் பொட்டு வைத்தார். ரத்தம் காய்ந்து சிக்குப் பிடித்திருந்த கூந்தலில் பூவைச் சொருகினார். தன் தலையில் அவர் வைத்துக்கொள்ளவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

செவிலியர் இதைக் கவனித்தார். அதோடு இன்னொன்றையும் கவனித்தார். நள்ளிரவு வரைக்கும் "அவருக்கு எப்படி இருக்கு, அவருக்குச் சாப்பிட ஏதாச்சும் குடுத்தாங்களா" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெண், விடிந்த பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மகன் வந்திருக்கிறான் என்று அண்ணன் சொல்லியும் அவன் உள்ளே வரவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தால் தாங்கமாட்டான் என்று வராந்தாவிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். அதையும் அவர் கேட்கவில்லை. தெரியாதவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்பது நின்றுவிட்டால் பெரும்பாலும் பதில் தெரிந்துவிட்டது என்று பொருள், அல்லது பதிலுக்குப் பயப்படுகிறார் என்று பொருள்.

தாலி

அறுவை சிகிச்சை பகல் இரண்டு மணிக்கு என்று பட்டியலில் இருந்தது. தியேட்டருக்கு அனுப்புமுன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. ரத்தக் கசிவை அடைக்க மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். நகை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தோல் வெந்துபோகலாம். கம்மல், மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் அவரே கழற்றிக் கொடுத்தார். செவிலியரின் கை கழுத்துப் பக்கம் வந்ததும் மஞ்சள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழட்டுறேன் சிஸ்டர். போன் போட்டுக் குடுங்க."

ஒப்புதல் படிவத்துக்கும் அதே பதில்தான்: "அவர் வந்து போடட்டும்."

இந்த இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது வார்டில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். நாத்தனார் வெளியே போய்விட்டு வந்து, "பேசிட்டேன் மதினி, கழட்டச் சொல்லிட்டாரு" என்பார். செவிலியர் கழற்றி, கவரில் போட்டு, பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குவார். படிவத்தில் கொழுந்தன் கையெழுத்துப் போடுவார். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை வேறொருவர் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனாலும் நம் வார்டுகளில் பல படிவங்களில் நோயாளியின் கையெழுத்து இருப்பதில்லை.

அவர் அந்த வழியில் போகவில்லை. கணவர் இறந்தது தெரியாத ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து பொய் சொல்லித் தாலியை எடுத்தால், உண்மை தெரியவரும் நாளில் அதை எடுத்த கையும் நினைவுக்கு வரும். "சரிக்கா. அது அங்கயே இருக்கட்டும். நான் போய்ட்டு வந்து உங்ககிட்ட பேசுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறைப்பில் பங்கெடுக்காமல், அதே சமயம் எதையும் போட்டு உடைக்காமல் எழுந்துபோக முடியும்.

நேராக வார்டு பொறுப்புச் செவிலியரிடமும், பிறகு எலும்பு முறிவு மருத்துவரிடமும், மயக்க மருந்து மருத்துவரிடமும் போனார். கேட்டது ஒன்றுதான்: அறுவை சிகிச்சையை நாளைக் காலை முதல் கேஸாக மாற்ற முடியுமா? தொடை எலும்பு முறிவைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று எலும்பு மருத்துவர் சொன்னது நியாயம்தான். நாடித்துடிப்பும் ரத்த அளவும் இப்படி இருக்கையில் இன்னும் ஒரு யூனிட் ஏற்றிவிட்டுச் செய்வதே மேல் என்று மயக்க மருந்து மருத்துவர் சொன்னார். மறுநாள் காலை என்று முடிவானது. செவிலியருக்குத் தேவைப்பட்ட நேரம் கிடைத்தது.

டிரெஸ்ஸிங் அறையில்

போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் 11 மணிக்குள் முடிந்துவிடும், ஒரு மணிக்கு உடலை எடுத்துப் போகலாம், இருட்டுவதற்குள் ஊரில் காரியம் முடித்துவிடலாம் என்பது உறவினர்களின் கணக்கு. பத்தரை மணிக்கு அவர்கள் மூன்று பேரையும் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸிங் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். மகனையும் கூப்பிட்டார். இதுவரை அவனிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முதலில் அவர் சொன்னது: "நீங்க மறைக்கிறது அவங்க மேல இருக்கிற பாசத்துலதான்னு எனக்குத் தெரியும்." பிறகு கேட்டார்: "தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?"

குடும்பம் மறைக்கும்போது, அதைத் தவறு என்று சொல்லித் தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். மறைப்பதன் காரணத்தைக் கேள், அதற்காக அவர்கள் படும் பாட்டைக் கேள், நோயாளிக்கு என்ன தெரியும் என்று விசாரிக்க அனுமதி கேள் என்ற முறையை 1988-லேயே இங்கிலாந்தில் பீட்டர் மக்வயரும் ஆன் ஃபாக்னரும் எழுதிவைத்தார்கள். அவர்கள் எழுதியது புற்றுநோயாளிகளைப் பற்றி. ஏலத்தோட்ட ஜீப் விபத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

கொழுந்தன் மறுபடியும் அதையே சொன்னார்: கேட்டால் உயிர் போய்விடும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக்கூடாது. நெருங்கியவரை இழந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடச் சுமார் 21 மடங்கு கூடுகிறது என்று 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. 43 வயதுப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு மொத்தத்தில் சிறியதுதான், ஆனால் கிராமத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் பயத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. செவிலியரின் பதில் அந்தப் பயத்தையே கையில் எடுத்துக்கொண்டது:

"இங்க சொன்னா பக்கத்துல டாக்டர் இருக்காரு, நான் இருக்கேன், ஆக்ஸிஜன் இருக்கு. ஊருக்குப் போயி, வாசல்ல பந்தலப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா யாருண்ணே இருப்பா?"

யாரும் பேசவில்லை. அடுத்ததையும் அவரே கேட்டார்: "அவர் இதே காம்பவுண்டுலதான் படுத்திருக்காரு. ஒரு மணிக்கு மேல அவங்களால அவரைப் பாக்கவே முடியாது. 'நான் இங்கயேதான கெடந்தேன், ஏன் எனக்குக் காட்டல'ன்னு நாளைக்கு அவங்க கேட்டா, உங்கள்ல யாரு பதில் சொல்லுவீங்க?"

மகன்தான் வாயைத் திறந்தான். "சொல்லிரலாம் மாமா" என்று தாய்மாமனைப் பார்த்துச் சொன்னான். அண்ணன் தலையாட்டினார். கொழுந்தன் எழுந்து வெளியே போய்விட்டார்.

சொன்ன விதம்

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் வார்டின் கோடியிலிருந்த சின்ன அறையில் வைத்தார்கள். வலி ஊசி வேலை செய்ய அரைமணி நேரம் விட்டார். ரத்தம் ஏறும் கையைத் தலையணை மேல் வைத்து, மறுகையை மகன் பிடித்துக்கொள்ளும் பக்கமாக விட்டுவைத்தார். எலும்பு மருத்துவரை ஐந்து நிமிடம் வந்து நிற்கச் சொன்னார். எப்படி இறந்தார், வலி இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவர் வேண்டும். செவிலியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். கெட்ட செய்தி சொல்ல 2000-ல் வால்டர் பெய்லும் ராபர்ட் பக்மனும் மற்றவர்களும் வகுத்த ஸ்பைக்ஸ் என்ற ஆறுபடி முறை மருத்துவர்களுக்கானது என்றுதான் பல செவிலியர்கள் நினைக்கிறார்கள். இடம் பார்ப்பது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்பது ஆகிய முதல் மூன்று படிகளைச் செவிலியரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் வார்டில் யாரும் இல்லை.

"அக்கா, அண்ணனைப் பத்தி உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?"

"கோட்டயத்துல இருக்காருன்னாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

வெகுநேரம் பதில் இல்லை. செவிலியரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா தலையிலிருந்த பூவை ஒரு கையால் உருவி எடுத்தார்.

"இவ நல்ல நாளு பொல்ல நாளுக்குக்கூட எனக்குப் பூ வாங்கித் தந்ததில்ல தாயி. இன்னிக்கு வச்சு விட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ சொல்லு. அவர் இருக்காரா, இல்லையா?"

"இல்லக்கா. அண்ணன் நேத்தே இறந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில."

முதல் கேள்வி: எத்தனை மணிக்கு? இரண்டாவது: தனியாகவா கிடக்கிறார்? மருத்துவர் குனிந்து, தலையில் அடிபட்டதுமே நினைவு போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்று தெரிந்தவரையில் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. ஒரு கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லாமல் முறை சொல்லி, குரலெடுத்து அழுதார். மகனும் அப்போதுதான் அழுதான். சத்தம் கேட்டு 11-ம் கட்டிலிலிருந்த மலையாளி உம்மா, இடுப்பு எலும்பு முறிவுக்கு வாக்கரில் நடந்துகொண்டிருந்தவர், வாசலில் வந்து நின்றார். செவிலியர் உள்ளே வரச் சொன்னார். இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை. உம்மா கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அந்த அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டியூட்டி டாக்டர் மனதை அமைதிப்படுத்தித் தூக்கம் வரவைக்கும் லோராசெபாம் ஊசி எழுதினார். வார்டில் சத்தமாக அழுதால் நம் கை தானாகவே அந்தச் சீட்டை எழுதிவிடுகிறது. மனநோய் ஏதும் இல்லாமல் துக்கத்தில் மட்டும் இருப்பவருக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. செவிலியர் ஊசியை ட்ரேயில் வைக்காமல் மருத்துவரிடம் போய், "அவங்க பிணத்தைப் பாக்கணும்னு கேட்டிருக்காங்க சார். மயக்கத்துல பாத்தா பாத்த மாதிரி இருக்காது. மூச்சும் பல்ஸும் நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். மருத்துவர் சீட்டை அடித்துவிட்டார். நாடித்துடிப்பு அந்த அரைமணியில் 132 வரை போனது. சாயங்காலம் 104-க்கு இறங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் பக்கத்தில்

தொடை முறிந்தவரைப் பிணவறைக்குள் தள்ளிக்கொண்டு போக வழி இல்லை, படிகள். ஆகவே உடலை ஏற்றிய ஆம்புலன்ஸைக் கேன்டீன் பக்கமாகத் திருப்பி நிறுத்தச் சொன்னார். பிணவறை ஊழியரிடம் முன்பே போய்ச் சொல்லியிருந்தார்: முகம் திறந்திருக்கட்டும், ஒரு கை வெளியே இருக்கட்டும், தலைத் தையல் தெரியாமல் துண்டு கட்டிவிடுங்கள். அந்த ஊழியர் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, தலைமுடியைச் சீவியும் விட்டிருந்தார். யாரும் அவரைச் சீவச் சொல்லவில்லை.

மருத்துவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, காலைப் பிடிப்புச் சட்டத்தோடு தலையணை வைத்துக் கட்டி, ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நின்றது ஒரு கால்மணி நேரம். அந்த அம்மா கணவரின் கையை எடுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து கலக்கிக் கலக்கி நகக்கண்ணில் ஏறியிருந்த கறையைத் தன் முந்தானையால் துடைத்தார். போகவில்லை. அவருடைய தோள்துண்டு வேண்டும் என்று கேட்டார். உடைமைகள் போலீஸ் பட்டியலில் ஏறியிருந்தன. செவிலியர் காவலரிடம் பேசி, மகன் கையெழுத்துப் போட்டு, துண்டு கிடைத்தது.

கொழுந்தன் ஆம்புலன்ஸின் முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றே முக்கால் மணிக்கு வண்டி குமுளி வழியாக இறங்கியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த அம்மா படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டார். தாலியைப் பற்றியும் அவரே முடிவு சொன்னார்: பதினாறாம் நாள் வீட்டில் வைத்து அதற்கான முறைப்படி நடக்கட்டும், அதுவரை கயிறு அறுபடக்கூடாது. பொன் உருக்களை மட்டும் கோத்த இடத்திலிருந்து எடுத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பதிவேட்டில் எழுதி மகனிடம் கொடுத்தார்கள். உலோகம் இல்லாத மஞ்சள் கயிற்றைக் காஸ் துணியில் சுற்றி இடது மணிக்கட்டில் ஒட்டி அனுப்பினார்கள். தியேட்டர் செவிலியர்கள் ஆட்சேபிக்கவில்லை. எலும்புக்குள் ஆணி பொருத்தும் அறுவை சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது.

பிறகு நடந்தவை

சொன்னதற்காக உடனே நன்றி கிடைத்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் அந்த அம்மா செவிலியரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊரே அங்க கேதத்துல இருக்கு. என்னை மட்டும் இங்க கெடத்திட்டீங்க" என்றார். செவிலியர் மறுத்துப் பேசவில்லை, டிரெஸ்ஸிங்கை முடித்துவிட்டு, "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னார். துக்கத்தின் கோபம் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் இறங்கும். அதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாமல் நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது நின்றவர்களுக்குத் தெரியும். வீட்டு வாசலில் நடந்த சடங்குகளை மகன் போனில் எடுத்து அனுப்பியிருந்தான். இப்போது பார்க்கிறீர்களா, அப்புறமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் விடிகாலையில், வார்டு தூங்கும்போது, இரவுச் செவிலியரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

கொழுந்தன் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்தார். குடும்பத்தின் விருப்பத்துக்கு எதிராக நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டுச் செவிலியருக்கு மெமோ வந்தது. யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினார், யார் சம்மதித்தார்கள், மருத்துவர் எப்போது வந்தார் என்று ஒரு பக்கத்தில் நேரவாரியாக எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் அன்றே கேஸ் ஷீட்டில் குறித்துவைத்திருந்ததால் விஷயம் அதோடு முடிந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: மனசாட்சிப்படி நடந்தால் போதாது, நடந்ததை உடனுக்குடன் எழுத வேண்டும்.

அந்தச் செவிலியரிடம் அன்று ஒருவரும் "உனக்கு எப்படி இருக்கிறது" என்று கேட்கவில்லை. பணி முடிந்து உடைமாற்றும் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அவருடைய அப்பாவும் எஸ்டேட் வேலையில் இருந்தவர். மறுநாள் காலை ஏழரைக்கு மறுபடியும் அதே வார்டு. நம் மருத்துவமனைகளில் இதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது. பத்து நிமிடம் மூத்தவர் ஒருவர் கூட உட்கார்ந்து பேசுவதற்குப் பணம் செலவாகாது.

எல்லை தாண்டிய பின்

விடுவித்து அனுப்பும்போது வேறொரு சிக்கல் வந்தது. சிகிச்சை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். பஞ்சாயத்துச் செவிலியர் வீட்டுக்கு வரும் கேரள ஏற்பாடு மெட்டோடு நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. செவிலியர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: என்ன அறுவை சிகிச்சை, எப்போது கால் ஊன்றலாம் என்பதோடு, "கணவர் அதே விபத்தில் இறந்தார், இவருக்குத் தெரியும், உடலைப் பார்த்தார்" என்ற வரியும் அதில் இருந்தது. விபத்து கேரளத்தில் நடந்தாலும் இழப்பீட்டு வழக்கை வசிக்கும் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம் என்பதையும் மகனிடம் சொல்லி அனுப்பினார். அதுவும் துக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் உதவிதான்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியதை இன்னும் வரிசையாகப் பாடம் நடத்துகிறார்கள். அவர் அதைச் சொன்னது தானே சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பேட்டி கண்டு. இந்த அம்மாவின் ஆறு மாதத்தில் அப்படி எந்த வரிசையும் இல்லை. முதல் மாதம் சரியாகச் சாப்பிட்டார், நாலாம் மாதம் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் சாய்ந்து உட்காரும் சுவரைப் பார்த்து ஒருநாள் பேசினார், மறுநாள் வழக்கு விஷயமாக வக்கீலிடம் கணக்காகப் பேசினார். துக்கம் தணியாமல் நீண்டுகொண்டே போவதை நெடுந்துக்கக் கோளாறு என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 வரையறை பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. அதோடு, அவரவர் ஊரின் வழக்கத்துக்கு மீறியதாகவும் அது இருக்க வேண்டும். ஆறாம் மாதம் வீட்டில் போய்ப் பார்த்தபோது இவரிடம் அந்த அறிகுறிகள் இல்லை. தூக்கம் வந்தது. சரிவில் ஏறி இறங்கக் கால் இடம் கொடுக்காததால் தோட்டத்தை விட்டுவிட்டு, போடியில் ஏலக்காய் தரம்பிரிக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். தோள்துண்டு அலமாரியில் இருந்தது. கொழுந்தன்தான் தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்.

செவிலியரைப் பற்றிக் கேட்டேன். "அது அன்னைக்குச் சொல்லலேன்னா இவுங்க யாரையும் நான் நம்பியிருக்கமாட்டேன்" என்றார்.

இதை எல்லா நோயாளிக்கும் அப்படியே செய்துவிட முடியாது. தலையில் அடிபட்டுக் குழப்பத்தில் இருப்பவரிடமும், மயக்க மருந்தின் பிடியில் இருப்பவரிடமும் சொன்னால் மனதில் நிற்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் அடி விழும். "எனக்கு இப்போ எதுவும் சொல்லாதீங்க" என்று தானே சொல்கிறவரின் விருப்பத்துக்கும் இடம் உண்டு. என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேட்பது அதனால்தான். இங்கே இன்னொரு நெருக்கடியும் இருந்தது: உடல் ஒரு மணிக்குப் போய்விடும். அந்தக் கெடு இல்லையென்றால் செவிலியர் ஒரு நாள் பொறுத்திருக்கக்கூடும் என்று அவரே சொன்னார்.

அந்த வார்டின் பணிமாற்றப் பதிவேட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது: குடும்பத்தில் இறப்பு உண்டா, நோயாளிக்குத் தெரியுமா, யார் சொன்னது, எப்போது. ரூல்தடி வைத்துப் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தவர் அந்தச் செவிலியர். மற்ற வார்டுகளும் அதைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டன. இரவுப் பணிக்கு இரண்டாவது செவிலியர் கேட்டு அவரும் வார்டு பொறுப்பாளரும் எழுதிய கடிதம் இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது.